கற்பனை ராஜ்யத்துக்கு அரச வரிசை அமைப்பது

நாவலுக்கோ விளையாட்டுக்கோ ஒரு ராஜ்யத்தைக் கற்பனை செய்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது பெயர்ப் பட்டியல்தான். முதலாம் இன்னார், இரண்டாம் இன்னார் என்று இருபது பெயர், பக்கத்தில் ஆளுக்கு முப்பது நாற்பது ஆண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதை வைத்து ஒரு வாரிசுச் சண்டைகூடப் போட முடியாது. யாருக்கு ஏன் பட்டம் கிடைத்தது, யாருக்கு ஏன் கை நழுவியது என்பது அந்தப் பட்டியலில் இருக்காது. வேலையை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் வாரிசு விதி, அடுத்து பிறப்பு இறப்புக் கணக்கு. இவை இரண்டும் சரியாக இருந்தால் அரசர் பட்டியல் தானாக வந்து விழும்.

விதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஒரே ஒரு சாவை வைத்துப் பார்த்துவிடலாம். குமணன் என்றொரு அரசர் 62 வயதில் இறக்கிறார். மூத்த மகள் வள்ளிக்கு 38 வயது. அடுத்தவன் ஆதன் இரண்டு வருடம் முன்பே போரில் போய்விட்டான். அவன் மகன் பூதனுக்கு இப்போது 9. மூன்றாவது நன்னன், 31. கடைக்குட்டி கீரன், 17. அரசரின் தம்பி எயினனுக்கு 55. தங்கை மகன் சேந்தனுக்கு 34.

ஆண் பெண் பார்க்காமல் மூத்த பிள்ளைக்கே பட்டம் என்றால் வள்ளி அரசி. ஆண்வழிதான், ஆனால் செத்தவன் இடத்தில் அவன் பிள்ளை நிற்கலாம் என்றால் ஒன்பது வயது பூதன் அரசன். அவனுக்காக ஆள யாராவது வேண்டும். உயிரோடிருக்கும் மகன்களில் மூத்தவனுக்கு என்றால் நன்னன். குடும்பத்தில் வயதில் மூத்த ஆணுக்கு என்றால் எயினன். மருமக்கள்தாயம், அதாவது சகோதரி மகனுக்கு என்றால் சேந்தன். கடைசிப் பிள்ளைக்கு என்றால் கீரன். பங்குபோடும் வழக்கமென்றால் நாடே இரண்டு மூன்றாக உடையும். ஒரே பிணம், ஒரே குடும்பம், ஆறு வாரிசுகள். இதில் எந்த விதியைத் தேர்ந்தெடுத்தாலும் மீதி ஐந்து பேரும் உயிரோடு, வயிற்றெரிச்சலோடு அரண்மனைக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

இதில் எழுதுகிறவர்கள் அதிகம் தவறவிடுவது பூதனுக்கும் நன்னனுக்கும் இடையிலான கேள்வி. சித்தப்பனா, அண்ணன் மகனா? இங்கிலாந்தே இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொன்ன நாடு. 1199இல் முதலாம் ரிச்சர்ட் இறந்தபோது, முன்பே செத்துப்போன தம்பி ஜெஃப்ரியின் மகன் ஆர்தருக்கு 12 வயது; பட்டம் சித்தப்பா ஜானுக்குப் போனது. 1377இல் மூன்றாம் எட்வர்ட் இறந்தபோது, மகன் ஜான் ஆஃப் காண்ட் நடுவயதில் படைபலத்தோடு இருந்தும், பட்டம் செத்த மூத்த மகனின் பிள்ளையான பத்து வயது இரண்டாம் ரிச்சர்டுக்குப் போனது. விதி காலப்போக்கில் மாறும், மாறலாம். உங்கள் ராஜ்யத்தில் அது எந்த ஆண்டில், யாருடைய தேவைக்காக மாறியது என்று மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் விதி என்பது பெரும்பாலும் நெருக்கடி நேரத்தில் யாரோ ஒருவரின் வசதிக்காக எழுதப்படுவது. இதற்கு பிரான்ஸைவிட நல்ல பாடம் இல்லை. 987இல் ஹியூ காப்பே முதல் 1316இல் இறந்த பத்தாம் லூயி வரை 12 அரசர்கள், ஒவ்வொரு முறையும் தகப்பனுக்குப் பின் மகன். பெண்ணுக்குப் பட்டம் உண்டா என்ற கேள்வியே மூன்று நூற்றாண்டுக்கு மேல் எழவில்லை; ஆகவே பதிலும் எழுதப்படவில்லை. பத்தாம் லூயி இறந்தபோது அவருக்கு முதல் மனைவி வழியில் நான்கு வயது மகள் ஜோன். இரண்டாம் மனைவி கர்ப்பம். எல்லோரும் காத்திருந்தார்கள். நவம்பரில் பிறந்த ஆண் குழந்தை ஐந்து நாள் அரசனாக இருந்து இறந்தது. அதுவரை பிரதிநிதியாக ஆண்ட லூயியின் தம்பி பிலிப், ஜோனை ஒதுக்கிவிட்டு 1317 ஜனவரியில் தானே முடிசூடிக்கொண்டார். முடிசூட்டுக்குப் பிறகுதான், பெண் பட்டத்துக்கு வரமுடியாது என்று ஒரு சபை கூடி அறிவித்தது. 1322இல் அந்த பிலிப்பும் பெண்பிள்ளைகளை மட்டும் விட்டுவிட்டு இறந்தார்; அவர் எழுப்பிய சுவரே அவருடைய சொந்த மகள்களை வெளியே தள்ளியது. தம்பி சார்லஸ் வந்தார். 1328இல் அவரும் கர்ப்பிணி மனைவியை விட்டுப் போனார், பிறந்தது பெண். சித்தப்பா மகன் வலுவா பிலிப்புக்குப் பட்டம் போக, இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட், ‘நான் சார்லஸின் உடன்பிறந்த சகோதரி மகன், எனக்கல்லவா நெருக்கம்’ என்று உரிமை கோரினார். பெண்ணுக்குப் பட்டம் இல்லை, சரி. பெண் வழியாக அவள் மகனுக்கு உண்டா? அடுத்த ஓட்டை அது. 1337இல் தொடங்கிய நூறாண்டுப் போருக்கு இதுவும் ஒரு காரணம்.

முன்னூறு ஆண்டு தடையின்றி ஓடியது, 12 ஆண்டில் முடிந்தது. அரச வரிசை எழுதுகிறவர் பிடிக்க வேண்டிய வேகம் இது. நூறாண்டுக்கு ஒரு வரி போதும். ஓட்டை தெரியும் பத்தாண்டுக்குப் பத்துப் பக்கம் வேண்டும்.

ஆகவே விதியை எழுதும்போது ‘மூத்த மகனுக்குப் பட்டம்’ என்று ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். மகன் இல்லாவிட்டால் மகளா, தம்பியா? செத்த மகனின் பிள்ளை அவன் இடத்தில் நிற்கலாமா? மகள் வயிற்றுப் பேரனுக்கு உரிமை உண்டா? பட்டத்தரசி அல்லாத மனைவியின் பிள்ளைக்கு? தத்துப்பிள்ளைக்கு? வேற்று மதத்தில் மணந்தவருக்கு? இன்னும் பிறக்காத குழந்தைக்கு? பட்டம் துறந்தவரின் பிள்ளைகளுக்கு? இந்த எட்டுக்கும் பதில் எழுதிவிட்டு, அவற்றில் இரண்டை மட்டும் உங்கள் ராஜ்யத்தின் சாசனத்திலிருந்து அழித்துவிடுங்கள். உங்களுக்குப் பதில் தெரியும், உங்கள் பாத்திரங்களுக்குத் தெரியாது. கதைக்கு வேண்டிய வாரிசுப் போர் அந்த இரண்டிலிருந்து தாராளமாகக் கிடைக்கும். எட்டையும் அழித்துவிட்டால் எந்தச் சண்டைக்கும் அடிப்படையே இருக்காது; யார் வேண்டுமானாலும் வரலாம் என்றாகிவிடும்.

பிறக்காத குழந்தை விஷயம் அரிது என்று ஒதுக்கவேண்டாம். ஸ்பெயினின் பன்னிரண்டாம் அல்போன்சோ 1885 நவம்பரில் இறந்தார்; மகன் 1886 மே 17இல்தான் பிறந்தான், பிறந்த கணமே அரசன். இடைப்பட்ட மாதங்களில் ஐந்து வயது மூத்த மகளை அரசியாக அறிவிக்காமல், கர்ப்பிணித் தாயைப் பிரதிநிதியாக வைத்துக் காத்திருந்தார்கள். 1837இல் விக்டோரியாவை அரசியாக அறிவித்த பிரகடனத்திலும், இறந்த அரசரின் மனைவிக்குப் பிள்ளை பிறந்தால் அதன் உரிமைக்குப் பங்கமில்லை என்று ஒரு வாசகம் இருந்தது.

இனி கணக்கு. தகப்பனுக்குப் பின் மகன் என்று போகும் வரிசையில் சராசரி ஆட்சிக்காலம் என்பது சராசரித் தலைமுறை இடைவெளிதான். ஆயுளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 27 வயதில் ஒவ்வொருவருக்கும் வாரிசு பிறக்கிறான், எல்லோரும் 60இல் சாகிறார்கள் என்றால், 33 வயதில் பட்டம், 27 ஆண்டு ஆட்சி. எல்லோரும் 80 வரை வாழ்ந்தாலும் ஆட்சி அதே 27 ஆண்டுதான். பட்டத்துக்கு வரும்போது வயது 53 ஆகியிருக்கும், அவ்வளவே. காப்பே வம்சத்தின் அந்த 12 பேருக்கு 329 ஆண்டுகள்: சராசரி 27.4. இங்கிலாந்தில் 1066 முதல் 2022 வரை, வில்லியம் மேரி இணையரை ஒன்றாக எண்ணினால், 40 ஆட்சிகள்: சராசரி 24-ஐ ஒட்டி வருகிறது, அரசரே இல்லாத 11 ஆண்டுகளையும் சேர்த்து. ஆகவே இருபது பேருக்கு ஆளுக்கு 40 ஆண்டு என்று போட்டால், எல்லோரும் 40 வயதில்தான் முதல் வாரிசைப் பெற்றார்கள் என்று அர்த்தம். ஏன் என்று யாராவது கேட்பார்கள்.

ஒரு நீண்ட ஆட்சி வேண்டுமானால் அதற்கு விலை உண்டு: குழந்தை பட்டத்துக்கு வரவேண்டும், அதற்கு முந்தைய தலைமுறை சாக வேண்டும். பதினான்காம் லூயி நான்கு வயதில் பட்டமேறி 72 ஆண்டு ஆண்டார். 1711இல் மகனும் 1712இல் பேரனும் போய், 1715இல் ஐந்து வயதுக் கொள்ளுப்பேரன் வந்தார். அவர் 1774 வரை. இரண்டே பேர், 131 ஆண்டு. நடுவில் இரண்டு தலைமுறை பட்டம் காணாமலே போய்விட்டது.

அண்ணனுக்குப் பின் தம்பி என்றால் கணக்கு வேறு. சவூதி அரேபியாவில் 1953இல் அப்துல் அஜீஸ் இறந்ததிலிருந்து 2015 வரை ஐந்து மகன்கள் ஒருவர்பின் ஒருவராக ஆண்டார்கள். சராசரி 12 ஆண்டு சொச்சம். ஆறாவதாக வந்த சல்மானுக்குப் பட்டமேறும்போது வயது 79. தம்பிகள் தீரும் இடம்தான் இம்முறையின் பலவீனம். அடுத்த தலைமுறையில் யாருடைய மகனுக்கு என்று கேள்வி வரும்போது, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் ஏகப்பட்ட பேர் ஒரே தகுதியோடு வந்து நிற்பார்கள். துருக்கியின் ஓட்டோமான் சுல்தான்கள் இந்தக் கூட்டத்தையே முன்கூட்டி ஒழிக்கப் பார்த்தார்கள்: 1595இல் மூன்றாம் மெஹ்மெட் பட்டமேறியதும் அவருடைய 19 சகோதரர்கள் கொல்லப்பட்டார்கள். 1617இல் முதலாம் அகமது இறந்தபோது மகனுக்குப் பதில் தம்பி முஸ்தஃபா அமர்த்தப்பட்டார். பிறகு மெல்ல மெல்ல, குடும்பத்தில் மூத்த ஆணுக்கு என்ற வழக்கம் நிலைத்தது. கொலை நின்றது, ஆனால் இளவரசர்கள் அரண்மனைக்குள் அடைபட்டே வளர்ந்தார்கள். ஒரு சிக்கலை அடைத்தால் இன்னொன்று எங்கே திறக்கும் என்று பார்க்க இது நல்ல மாதிரி.

மருமக்கள்தாயத்தைப் பலர் பெண்ணாட்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆள்வது ஆணாகவே இருக்கலாம். வாரிசு மகன் அல்ல, சகோதரியின் மகன். திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா 1729இல் பட்டத்துக்கு வந்தபோது, முந்தைய அரசரின் சொந்த மகன்களான தம்பிமார் எதிர்த்தார்கள். இம்முறையில் நெருக்கடி ஆண் இல்லாததால் வராது, பெண் இல்லாததால் வரும். திருவிதாங்கூர் 1900இல் சேது லட்சுமி பாய், சேது பார்வதி பாய் என்று இரண்டு பெண் குழந்தைகளைத் தத்தெடுத்தது இதற்காகத்தான். அவர்களில் சேது பார்வதி பாயின் மகன் 1912இல் பிறந்து, 1924இல் 11 வயதில் வாரிசாக வந்தார். 1931 வரை பெரியம்மா சேது லட்சுமி பாய் அவருக்காக ஆண்டார். தத்துக்கும் அரசருக்கும் நடுவில் கால் நூற்றாண்டு. இந்த முறையில் ராஜ்யம் அமைப்பவர்கள் சகோதரிகளின் பிறப்பு இறப்பைத்தான் கவனமாகப் போடவேண்டும். மகன்களைக் கோட்டுக்கு வெளியே, படைத்தலைமையோடும் மனக்குறையோடும் விட்டுவிடலாம்.

தேர்தல் முறை வைத்தால் யார் வாக்களிக்கிறார்கள், எத்தனை பேர், எங்கே கூடுகிறார்கள், இழுபறியானால் என்ன என்று நான்கையும் எழுதுங்கள். புனித ரோமப் பேரரசில் 1356இன் பொன் ஆணை என்ற சாசனம், ஜெர்மானிய அரசரைத் தேர்ந்தெடுக்க ஏழு பேரை நியமித்தது. 30 நாளில் முடிவு வராவிட்டால் அதன்பின் அவர்களுக்கு ரொட்டியும் தண்ணீரும் மட்டும்தான் என்றது. போலந்து 1573இல் பிரெஞ்சு இளவரசர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டே அண்ணன் இறந்த சேதி வந்ததும் அவர் சொந்த நாட்டுப் பட்டத்துக்காகக் கிளம்பிப் போய்விட்டார்.

தகராறைத் தவிர்க்க நினைக்கும் அரசர் செய்யக்கூடியது, தான் இருக்கும்போதே மகனுக்கு முடிசூட்டுவது. காப்பே அரசர்கள் 1179 வரை இதைச் செய்தார்கள். சோழர்களும் செய்தார்கள்: 1012இல் ராஜேந்திரன் இணையாட்சிக்கு வந்துவிட்டார், ராஜராஜன் 1014 வரை இருக்கிறார். 1018இலேயே ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜனுக்கும் முடிசூட்டியாகிவிட்டது. 1054இல் கொப்பத்துப் போரில் ராஜாதிராஜன் விழுந்ததும் தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடிக்கொள்ள முடிந்தது. பட்டியல் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. கல்வெட்டில் ஆட்சியாண்டு இளவரசுப் பட்டம் கட்டிய நாளிலிருந்து எண்ணப்படும். எல்லோருடைய ஆட்சியாண்டுகளையும் கூட்டினால் வம்சத்தின் உண்மையான காலத்தைவிட அதிகமாக வரும். உங்கள் ராஜ்யத்து வரலாற்றாசிரியர் ஒருவர் இந்தத் தப்பைச் செய்திருப்பதாக வைத்தால், இரண்டு நூல்களில் இரண்டு தேதி வருவதற்குக் காரணம் கிடைத்துவிடும். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறிமாறிப் பட்டம் வைத்துக்கொண்டதும் இந்த வகையில் பயன்படும்: வரிசையில் ஓர் இடம் தப்பினால் உடனே தெரிந்துவிடும்.

இனி அட்டவணை. விரிதாள் ஒன்று போதும். குடும்ப மரமாகப் பார்க்க விரும்பினால் கிராம்ப்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஆளுக்கு ஒரு வரி: பெயர், ஆணா பெண்ணா, தகப்பன், தாய், பிறந்த ஆண்டு, மணமான ஆண்டு, இறந்த ஆண்டு, இறந்த விதம், தகுதியிழப்பு ஏதும் உண்டா, பட்டமேறிய ஆண்டு, இறங்கிய ஆண்டு. பிள்ளை பிறந்தபோது தாயின் வயது 16க்கும் 45க்கும் வெளியே போனால் சிவப்பாகும்படி ஒரு சூத்திரம் போடுங்கள். பட்டமேறிய வயதுக்கு ஒரு நெடுவரிசை. 15க்குக் கீழே வந்தால் பக்கத்தில் பிரதிநிதி யார் என்று எழுதாமல் நகரக்கூடாது. தகப்பன் இறந்து ஒன்பது மாதத்துக்கு மேல் கழித்துப் பிறந்த பிள்ளை இருந்தால், அது தட்டச்சுப் பிழையா கதையா என்று முடிவு செய்யுங்கள்.

பிறப்பு இறப்பை மனசுக்குத் தோன்றியபடி போட்டால் எல்லா அரசருக்கும் இரண்டு மகன் ஒரு மகள் என்று வந்து நிற்கும். பகடை உருட்டுங்கள். மணமான ஆண்டிலிருந்து அரசிக்கு நாற்பது ஆகும்வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரு பகடை. 1, 2 விழுந்தால் பிரசவம் இல்லை. பிறந்த குழந்தைக்கு ஒற்றைப்படை ஆண், இரட்டை பெண். இன்னொரு முறை உருட்டி 1, 2, 3 வந்தால் பதினைந்து வயதுக்குள் மரணம். கொடூரமாகத் தோன்றலாம், நவீன மருத்துவத்துக்கு முன் உலகெங்கும் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் அப்படித்தான் போயின. இங்கிலாந்து அரசி ஆன் 17 முறை கருவுற்றும் ஒரு பிள்ளையும் வளர்ந்து ஆளாகவில்லை. மிஞ்சியவர்களுக்கு மூன்று பகடை உருட்டி, கூட்டுத்தொகையை மூன்றால் பெருக்கி 15ஐச் சேர்த்தால் இறக்கும் வயது: 24 முதல் 69 வரை, சராசரி 46.5. இதில் 24க்குள் யாரும் சாகமாட்டார்கள், எழுபதைத் தாண்டவும் மாட்டார்கள். போர்ச்சாவையும் தொண்டு கிழத்தையும் நீங்கள்தான் கையால் போடவேண்டும்.

இந்த முறைப்படி ஓர் அரசிக்கு ஏழு பிரசவம் என்று வைத்தாலும், ஆளாகும் மகன் ஒருவன்கூட இல்லாமல் போக நூற்றுக்கு 13 வாய்ப்பு. 11 முறை தொடர்ந்து தப்பிப்பது ஐந்தில் ஒன்று. முப்பது முறை தப்பிப்பது நூற்றில் ஒன்றரைக்கும் கீழே. ஆயிரம் ஆண்டு தகப்பன்-மகன் வரிசையை யாராவது எழுதினால், தத்து எங்கே நடந்தது, எந்தப் பங்காளியை மகன் என்று பின்னால் எழுதிவைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

ஒரே அரசர் இரண்டு நாட்டுக்கு என்று வைக்கிறீர்களா? இரண்டு நாட்டுக்கும் தனித்தனி விதி கொடுங்கள். 1837இல் பிரிட்டனும் ஜெர்மனியிலிருந்த ஹனோவரும் பிரிந்தது போரினால் அல்ல. பிரிட்டனில் பெண் வரலாம், விக்டோரியா வந்தார். ஹனோவரில் ஆண் இருக்கும்வரை பெண் வரமுடியாது, அவருடைய சித்தப்பா எர்னஸ்ட் அகஸ்டஸ் போனார். ஒரு சாவு, 123 ஆண்டு உறவு அறுந்தது.

பெயருக்குப் பின்னால் வரும் எண்ணையும் அவசரப்பட்டு ஒட்டவேண்டாம். எண் என்பது உரிமைகோரல். ஸ்வீடனின் ஒன்பதாம் சார்லஸுக்கு முன் ஆறு சார்லஸ்கள் கட்டுக்கதை வரலாற்றில் மட்டும் இருந்தவர்கள். எண் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பிரான்ஸில் பதினாறாம் லூயிக்குப் பின் பட்டமேறியவர் பதினெட்டாம் லூயி. பதினாறாம் லூயியின் மகன், சிறையில் இறந்த சிறுவனுக்கு ஓர் எண்ணை விட்டுவைத்தார். இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் 1660இல் நாடு திரும்பியதும் அதைத் தன் பன்னிரண்டாம் ஆட்சியாண்டு என்றார். தகப்பன் தலை விழுந்த 1649இலிருந்து கணக்கு.

கடைசியாக, தோற்ற கிளையை அட்டவணையிலிருந்து நீக்கிவிடாதீர்கள். முதலாம் ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன், கீழைச் சாளுக்கியர் வீட்டுப் பிள்ளை, ஆண்வழி இருந்தவரை பட்டத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. 1070இல் அதிராஜேந்திரன் போனதும் முதலாம் குலோத்துங்கனாக வந்தார். இங்கிலாந்தில் 1688இல் துரத்தப்பட்ட இரண்டாம் ஜேம்ஸின் பேரன் 1745இல் ஒரு சில ஆட்களோடு ஸ்காட்லாந்தில் வந்து இறங்கிப் படை திரட்டினார். அந்தக் கிளையின் கடைசி ஆண் 1807இல்தான் இறந்தார். அவர்களுடைய ஆதரவாளர்கள் மூன்றாம் ஜேம்ஸ், மூன்றாம் சார்லஸ் என்று எண்ணோடுதான் அழைத்தார்கள். ஆகவே விரிதாளில் எண்ணுக்கு இரண்டு நெடுவரிசை வேண்டும்: ஆட்சியில் இருப்பவர்கள் போடும் எண் ஒன்று, நாடு கடந்து இருப்பவர்கள் போடும் எண் ஒன்று.